அன்பே உருவானவர்கள்

எங்கள் குடும்பத்தில் பெரிய அண்டா வைத்திருப்பவனுக்கும் எழுதத் தெரிந்தவனுக்கும் ஒரே கதிதான். கல்யாணமோ கருமாதியோ, முதலில் அவன் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். அண்டாவையாவது கழுவித் திருப்பிக் கொடுப்பார்கள். என்னைக் கரி பிடித்தது பிடித்தபடியே வாசலில் இறக்கிவிட்டுப் போவார்கள்.

நான் மலாக்கா பக்கம் பெம்பானில் பள்ளி வேன் ஓட்டுகிறேன். காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டபின் மத்தியானம் ஏற்றுகிற வரைக்கும் வேன் பள்ளிக்கூடத்துக்கு எதிரே ஒரு மரத்தடியில் நிற்கும். மற்ற வேன்காரர்கள் அந்த நேரத்தில் தூங்குவார்கள், இல்லாவிட்டால் கடையில் தே தாரிக் என்று நுரைக்க ஆற்றின தேத்தண்ணீர் வாங்கி வைத்துக்கொண்டு அரசாங்கத்தைக் கவிழ்ப்பார்கள். நான் ஸ்டியரிங்மேல் அட்டையை வைத்துக் கதை எழுதுவேன். படிப்பு என்று பார்த்தால் ரப்பர்த் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு, அதற்கப்புறம் இடைநிலைப்பள்ளியில் படிவம் மூன்று, அதோடு சரி. மிச்சத்தையெல்லாம் ஜனங்களின் வாயிலிருந்துதான் படித்தேன். பிள்ளையை வேனில் ஏற்றிவிட வருகிற ஓர் அம்மா தன் மாமியாரைப் பற்றி ஒருநாள் சொன்னார்: "அவங்க சிரிச்சா கரண்டு பில்லு வந்த மாதிரி வயித்தக் கலக்கும் அங்கிள்." இந்த வாக்கியத்தை எந்தப் பல்கலைக்கழகம் சொல்லித் தரும்?

தமிழ்ப் பத்திரிகையின் ஞாயிற்றுப் பதிப்பில் என் கதைகள் அவ்வப்போது வரும். கதையோடு என் படமும் வரும். சொந்தக்காரர்கள் படத்தைப் பார்த்துவிட்டுப் போன் போட்டு, "என்னா, முடியெல்லாம் கொட்டிருச்சி" என்பார்கள். எனக்குக் கிடைத்த இலக்கிய விமர்சனம் அவ்வளவுதான்.

மலாக்கா டவுனில் ஒரு முறை இலக்கியக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். தோளில் பொன்னாடையோடு ஒருவர், எழுத்தாளன் சொந்தபந்தங்களை விட்டு விலகித் தனிமையில் வாழவேண்டும் என்று முழங்கினார். அவர் மனைவி மேடைக்குக் கீழே உட்கார்ந்து அவருக்கு வெந்நீர் ஆற்றிக்கொண்டிருந்தார். தனிமையைக்கூட அவருக்கு யாராவது ஆற்றித்தான் கொடுக்கவேண்டும்போல. எனக்கு அந்த வசதி கிடையாது. என் கதைகளைக் கொடுத்ததும் சொந்தம்தான், என் நெஞ்சை அடைத்ததும் சொந்தம்தான். எது எது என்று பிரித்துப் பார்க்க எனக்கு ரொம்ப நாள் ஆனது.

அடைத்தவரை முதலில் சொல்லிவிடுகிறேன். என் அண்ணன் குடும்பத்துக்குத் தலைவர். யாரும் ஓட்டுப் போடவில்லை. மூத்தவராகப் பிறந்தது ஒன்றுதான் அவர் செய்த வேலை, அதை இன்றுவரை செய்துகொண்டிருக்கிறார். மூத்தவன் பெரிய ஆளாக வரவேண்டும் என்று அப்பா அவரை டவுனில் மலாய்ப்பள்ளியில் போட்டார். இளையவன் எப்படியாவது போகட்டும் என்று என்னைத் தோட்டத்துப் பள்ளியில் விட்டார். அண்ணன் அரசாங்க ஆபீஸில் இருந்து ஓய்வு பெற்று, இப்போது கோயில் தலைவர். தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். 'திருவிழா' என்ற சொல்லை அவர் படித்து முடிப்பதற்குள் தேர் நிலைக்கு வந்து சேர்ந்துவிடும். ஆனால் தமிழின் பெருமையைப் பேசச் சொன்னால் மைக்கை அவர் கையிலிருந்து பிடுங்க நாலு ஆள் வேண்டும்.

இந்த ஊரில் ஒருவர் செத்தால் எரித்துச் சாம்பல் கரைப்பதோடு காரியம் முடிவதில்லை. தமிழ்ப் பத்திரிகையில் கண்ணீர் அஞ்சலி போடவேண்டும். பிறகு வருஷா வருஷம் நினைவஞ்சலி. மேலே படம், படத்துக்குக் கீழே கவிதை, கவிதைக்குக் கீழே மனைவி, மக்கள், மருமக்கள், பேரப்பிள்ளைகள். அந்தக் கவிதையை எழுதுவது என் தலையில் விழுந்தது. அண்ணன் போன் போட்டு, "செத்தவரு வயசு இவ்வளவு, ஆம்பள, ஒரு பதினாறு வரி அடிச்சி விடு" என்பார், ஹார்ட்வேர் கடையில் ஆணி கேட்கிற மாதிரி.

அதற்கு ஒரு பக்குவம் உண்டு. முதல் வரியில் 'அன்பே உருவான' என்று வரவேண்டும். அடுத்து ஒரு விளக்கு அணையவேண்டும். அதற்கப்புறம் கண்ணீர் ஆறாக ஓடவேண்டும். கடைசியில் செத்தவர் தெய்வமாகிவிடவேண்டும். மனைவியின் தாலியை அடகுக் கடையில் வைத்துக் குடித்தவரை அன்பே உருவானவர் என்று எழுதினேன். அக்காளும் தங்கையும் சாகும்வரை பேசிக்கொள்ளாத வீட்டில் பெரியவளின் சாவுக்குச் சின்னவள் சார்பில் 'பாசக் கடலே' என்று எழுதினேன். அண்ணனின் மாமியார் செத்தபோது அந்த அம்மாளைப் பெற்ற தாய்க்கெல்லாம் தாயாக்கினேன். அண்ணன் அந்தக் கவிதையைப் போனில் படம் பிடித்து ஊர் முழுக்க அனுப்பினார். எத்தனை பேர் படித்தார்கள் என்று எனக்குத் தெரியாது. கையெடுத்துக் கும்பிடுகிற பொம்மைகள் மட்டும் வரிசையாக வந்து விழுந்தன.

பொய் சும்மா இருக்காது. பழைய சட்டையில் இருக்கிற மூட்டைப்பூச்சி புதுச் சட்டைக்கு ஏறுகிற மாதிரி, அஞ்சலியில் இருந்தது கதைக்கு ஏறியது. என் மனைவி ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறாள். அவளும் மலாய்ப்பள்ளிதான், தமிழ் படிக்கத் தெரியாது. அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் துணி மடிக்கும்போது நான் எழுதியதை வாசித்துக் காட்டுவேன். பிடித்தால் மடிப்பதை நிறுத்துவாள். பிடிக்காவிட்டால் சட்டையை உதறுவாள், அந்தச் சத்தம் எனக்குப் போதும். ஒரு ஞாயிற்றுக்கிழமை உதறு உதறு என்று உதறினாள்.

"என்னா?" என்றேன்.

"இந்த மீன்காரம்மா ஏன் நியூஸ் வாசிக்கிற மாதிரி பேசுறாங்க? மீன் வாங்கப் போனா, 'அன்பு மகளே, கடல் தந்த செல்வம்'னா சொல்லுவாங்க? வெலையச் சொல்லுவாங்க. இல்லாட்டி திட்டுவாங்க."

"அது ஒரு நடை."

"என்னா நடையோ. முன்னெல்லாம் நீங்க வாசிச்சா எனக்கு ஒங்க அத்தை கொரல் கேக்கும். இப்ப ஒங்க அண்ணன் மைக்குல பேசுறதுதான் கேக்குது."

எனக்குக் கோபம் வந்தது. தமிழ் படிக்கத் தெரியாதவளுக்கு என்ன தெரியும் என்றுகூட நினைத்தேன். வேனில் போய் உட்கார்ந்து அந்தக் கதையைத் திரும்பப் பார்த்தேன். மீன்காரம்மா மட்டும் அல்ல, கதையில் வந்த குடிகாரன்கூடத் தலைவர் உரைதான் ஆற்றிக்கொண்டிருந்தான். கிழித்துப் போட்டேன். வேறு எழுதினேன். முதல் வரியிலேயே ஒரு விளக்கு அணைந்தது. அதற்கப்புறம் எழுத்தே வரவில்லை.

எழுத்து நின்றதும் தூக்கமும் போனது. ஒருநாள் காலை ஜாசின் டவுன் சிக்னலில் வேன் நின்றது. பச்சை விழுந்தது. எனக்குக் கியர் போடக் கை வரவில்லை. நெஞ்சுக்குள் யாரோ மூட்டை இறக்கின மாதிரி இருந்தது. பின்னால் பிள்ளைகள் வர்ணனையை ஆரம்பித்துவிட்டார்கள்.

"அங்கிள், பச்ச வந்திருச்சி."

"அங்கிள், திரும்பச் செவப்பு வந்திருச்சி."

"அங்கிள் தியானம் பண்றாருடி."

எப்படியோ கொண்டுபோய் இறக்கினேன். அன்றைக்கே அரசாங்கக் கிளினிக்குக்குப் போனேன். ஒரு மலாய்க்கார டாக்டர், சின்னப் பெண், நெஞ்சு நன்றாகத்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டு, நிறையக் கேள்வி கேட்டார். நெருங்கிய சொந்தத்தில் உங்கள் மனதை அழுத்துகிறவர்கள் யாராவது உண்டா என்று கேட்டார். எங்களில் நெருங்காத சொந்தமே கிடையாது டாக்டர், பந்தியில் உட்கார்ந்தால் ஒருவர் முட்டி இன்னொருவர் இலையில் இருக்கும் என்றேன். அவர் சிரிக்காமல் எழுதிக்கொண்டார். மாத்திரை கொடுத்து, அடுத்த முறை வந்து பேசவும் நாள் குறித்துக் கொடுத்தார்.

அண்ணனுக்கு விஷயம் போனது. "மனசுக்கு டாக்டரா? வெளிய சொல்லாத. நம்ம குடும்பத்துல அதெல்லாம் கெடையாது," என்றார். கேட்டவர்களுக்கெல்லாம் எனக்குக் கேஸ்ட்ரிக் என்று அவரே சொல்லிவிட்டார். இரண்டு வாரத்துக்கு என் வீட்டுக்கு இஞ்சிச் சாறும் சீரகத் தண்ணீரும் வந்தபடி இருந்தன. ஒரு சித்தப்பா ஜாசினிலிருந்து மோட்டாரில் வந்து, நான் ஏப்பம் விடுகிற வரைக்கும் எழுந்து போகவில்லை. மனது ஒடிந்தவனுக்கு எங்கள் ஜனங்கள் செய்கிற வைத்தியம் இதுதான். வயிறு என்று சொன்னால் ஊரே திரண்டு வரும். மனசு என்றால், "பொழப்பில்லாதவனுக்கு வர்ற வியாதி" என்பார்கள். நான்கு மணிக்கு எழுந்து வேன் கழுவுகிறவனுக்குப் பிழைப்பு இல்லையாம்.

இந்த நிலைமையில்தான் மாமாவின் முதலாம் ஆண்டுத் திதி வந்தது.

மாமா என்றால் அம்மாவின் கூடப்பிறந்தவர், எனக்குத் தாய்மாமன். தோட்டத்தில் மண்டோராக இருந்தவர். ஆட்களை மேய்க்கிற வேலை. தோட்டம் போய் எத்தனையோ வருஷமாகியும் அந்த அதட்டல் போகவில்லை. மேய்க்க ஆள் இல்லாததால் வீட்டில் இருந்த ஒரே ஆளை மேய்த்தார். அது என் அத்தை, அவர் மனைவி.

அத்தை வாய் திறந்தால் எனக்கு ஒரு கதை கிடைக்கும். நான் எழுதி அச்சில் வந்த நல்ல வாக்கியம் எதை எடுத்தாலும், அத்தை அடுப்படியில் போகிறபோக்கில் சொன்னதாகத்தான் இருக்கும். "வாயால வட சுடறவனுக்கு எண்ணெ எதுக்கு" என்று அண்ணனைப் பற்றிச் சொன்னவர் அவர்தான். தாம்பத்தியத்தைப் பற்றிக் கேட்டால், "கட்டுன மாட்டுக்குக் கயிறு நீளமா இருந்தா அதுக்குப் பேரு சொதந்திரம்" என்பார்.

என் கல்யாணத்துக்கு முதல்நாள் தோட்டத்துக் கோயில் மண்டபத்தில் நலங்கு. என் முதல் கதை அந்த வாரம்தான் பத்திரிகையில் வந்திருந்தது. மாமா அதைக் கையில் எடுத்துக்கொண்டு நடு மண்டபத்தில் நின்று, கூத்துக்காரன் மாதிரி கையை ஆட்டி ஆட்டி வாசித்தார். மண்டபமே சிரித்தது. அண்ணன் எல்லாருக்கும் மேலே சிரித்தார். சாம்பார் வாளியோடு போய்க்கொண்டிருந்த அத்தை நின்று, "சிரிக்கிறவங்கல்லாம் ஒரு வரி எழுதிட்டு வந்து அப்புறம் சிரிங்களேன்," என்றார். மாமா கையில் இருந்த தேத்தண்ணீர்க் கிளாஸ், தேத்தண்ணீரோடு, அத்தையின் முகத்துக்குப் பறந்தது. அத்தை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுத்த இலைக்குச் சாம்பார் ஊற்றினார். மஞ்சள் பூசிய முகத்தோடு மணையில் இருந்த நான் எழப் பார்த்தேன். மணையை விட்டு எழுந்தால் அபசகுனம் என்று அண்ணன் என் தோளை அழுத்திப் பிடித்துக்கொண்டார். மறுநாள் காலையில் தாய்மாமன் என்ற முறையில் முதல் மாலையை எனக்குப் போட்டவர் அதே ஆள்தான்.

செத்த அன்றைக்கு அவசரத்தில் படமும் பெயர்களும் மட்டும் போட்டதால் தப்பித்தேன். இப்போது இந்த ஆளுக்குத்தான் நான் அன்பே உருவான என்று ஆரம்பிக்கவேண்டும்.

அண்ணன் எங்களை உம்பாய்க்குச் சாப்பிடக் கூப்பிட்டார். கடலோரக் கடை, சுட்ட மீன். எதையாவது வேலை வாங்கவேண்டும் என்றால்தான் அவர் மீன் வாங்கிக் கொடுப்பார் என்பது என் மனைவிக்கும் தெரியும். மீன் வந்ததும் ஆரம்பித்தார்.

"என்னடா, மாமாவுக்கு எழுதிட்டியா? அரைப்பக்கம் சொல்லி வச்சிருக்கேன்."

"எழுத வரலண்ணே."

"வரலன்னா? அது என்னா கக்கூசா, வர்றப்பதான் போவியா?"

"மாமாவப் பத்தி நல்லதா ஒன்னும் வர மாட்டேங்குது."

"செத்தவங்களப் பத்தி நல்லதுதான்டா எழுதணும். அது மரியாத."

"மரியாதையா எழுதலாம்ண்ணே. பொய்யா எழுத முடியல."

"ரெண்டும் ஒன்னுதான்லா," என்றார் அண்ணன். இத்தனை வருஷத்தில் அவர் வாயிலிருந்து வந்த ஒரே உண்மையான வாக்கியம் அது. அவருக்கே அது தெரியவில்லை, மீனின் முள்ளை எடுத்துக்கொண்டிருந்தார்.

"அந்தச் சூடு தேத்தண்ணி ஞாபகம் இருக்காண்ணே ஒங்களுக்கு?"

"எந்தத் தேத்தண்ணி?"

நான் தட்டைத் தள்ளி வைத்தேன். மனைவி அதைத் திரும்ப என் பக்கம் நகர்த்தி, "மீனு ஆறுது, சாப்புடுங்க," என்றாள்.

"கேஸ்ட்ரிக்கு தலைக்கு ஏறிருச்சி ஒனக்கு," என்றார் அண்ணன். "ஒன்னைய விட்டா ஆளு இல்லன்னு நெனப்பு. வேன் ஓட்டுறவனுக்கு இவ்ளோ திமிரு ஆவாது. நான் பாத்துக்கிறேன் போ."

திரும்பி வரும்போது மனைவி ஓட்டினாள். என்னால் முடியவில்லை. இந்த ஒரு அஞ்சலியை எழுதிவிட்டால் இனி அத்தையின் குரல் என் பேனாவுக்குத் திரும்பவே திரும்பாது என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. எழுதாவிட்டாலும் திரும்புமா என்று தெரியவில்லை. அண்ணன் வேறு யாரிடமாவது எழுதி வாங்கிவிடுவார், மாமா தெய்வமாகிவிடுவார், அத்தை அந்தத் தெய்வத்தின் சம்சாரமாக உட்கார்ந்திருப்பார். நான் எழுதினால் என்ன, எழுதாவிட்டால் என்ன. அந்த நினைப்புதான் மாத்திரைக்கும் அடங்கவில்லை.

திதி ஒரு ஞாயிற்றுக்கிழமை. மாமாவும் அத்தையும் கடைசி மகனோடு மஸ்ஜித் தானா பக்கம் குடிபோய் ரொம்ப நாளாகிறது. அங்கே நம்மவர்கள் வீடு அங்கொன்றும் இங்கொன்றும்தான். தமிழ் பேச ஆள் இல்லாத ஊரில் அத்தைக்குப் பத்திரிகைதான் பேச்சுத்துணை. டவுனில் மளிகைக்கடை வைத்திருக்கிற தமிழ் முஸ்லிம் பாய் ஒருவர் அத்தைக்கென்று ஒரு பத்திரிகை எடுத்து வைத்திருப்பார். அத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கத்து டயர் விளம்பரம் வரை ஒரு எழுத்து விடாமல் படிப்பார்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கூடத்தில் படையல் போட்டிருந்தார்கள். ஆட்டுக்கறி, கருவாடு, ஒரு போத்தல் ஸ்டவுட் பீர், சிகரெட். மாலை போட்ட மாமாவின் படம். பக்கத்தில் ஒரு தாங்கியில், அன்று பத்திரிகையில் வர இருந்ததையே முன்கூட்டிப் பெரிதாக அச்சடித்து, லேமினேட் செய்து, அண்ணன் நிறுத்தி வைத்திருந்தார். பிள்ளைகள் அதன் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். நானும் போய்ப் பார்த்தேன்.

மாமாவின் படம் நன்றாக விழுந்திருந்தது. முறுக்கிவிட்ட மீசை, மண்டோர்ப் பார்வை. அந்த மீசைக்குக் கீழே இப்படி இருந்தது:

பத்துத் திங்கள் சுமந்தவளே,
பாலூட்டி வளர்த்தவளே,
முந்தானை நிழல் தந்து
முகம் துடைத்த தெய்வமே...

அண்ணனின் மாமியாருக்கு நான் எழுதியது. மீதி வரிகளும் ஒன்று விடாமல் இருந்தன, தாலாட்டு உட்பட. அண்ணன் தன் போனில் இருந்த பழைய அஞ்சலியை எடுத்து, "இதே மாதிரி, படத்தையும் பேரையும் மட்டும் மாத்து" என்று அனுப்பியிருக்கிறார். விளம்பரம் பிடிக்கிறவர்கள் படத்தையும் பெயரையும் மட்டும் மாற்றியிருக்கிறார்கள். சொன்னதைச் செய்தார்கள், அவர்களைக் குறை சொல்ல முடியாது.

நான் சுற்றிப் பார்த்தேன். கூடம் நிறையச் சொந்தம். பாதிப் பேருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. தெரிந்த மீதிப் பேர், படத்தைப் பார்த்துவிட்டு நேராகக் கீழே போய்த் தங்கள் பெயர் சரியாக வந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்தார்கள். ஒரு மருமகன், தன் பெயர் தன் தம்பி பெயருக்குக் கீழே வந்துவிட்டது என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். மாமா பாலூட்டியதில் அவருக்கு ஒன்றும் ஆட்சேபணை இல்லை.

தீபாராதனை முடிந்ததும் அண்ணன் பேசினார். மைக் இல்லாதது ஒரு பெரிய குறைதான். "இதுல எழுதியிருக்கிற ஒவ்வொரு வார்த்தையும் மாமாவுக்கு அப்படியே பொருந்தும்," என்று அட்டையைத் தட்டிக் காட்டினார். எல்லாரும் தலையாட்டினார்கள். ஒரு பெரியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இவர்களுக்குப் பயந்துதான் எனக்கு நெஞ்சு அடைத்தது. இவர்கள் படிப்பார்கள் என்று நினைத்துத்தான் நான் வரி வரியாகப் பொய்யை இழைத்து இழைத்து எழுதினேன். மீசைக்குக் கீழே முலைப்பால் ஓடினாலும் தெரியாத ஜனங்கள். எனக்கு வந்தது கோபம் இல்லை. இவ்வளவுதானா என்று ஓர் இளக்காரம் வந்தது. அது நெஞ்சில் இருந்த மூட்டையை லேசாக அசைத்தது.

பின்பக்கம் குழாயடிக்குப் போனேன். புருஷன் திதியில் விதவை சபையில் நிற்கவேண்டாம் என்று யாரோ சொல்லியிருப்பார்கள். அத்தை முக்காலியில் உட்கார்ந்து அண்டா தேய்த்துக்கொண்டிருந்தார்.

"பசியாறுனியா?"

"இன்னும் இல்லத்தை."

"பேப்பரு பாத்தியா?"

நான் முழித்தேன். அத்தை என் முகத்தைப் பார்த்தார். தேய்க்கிற கை நின்றது.

"வாசிச்சிட்டியா?" என்றார் மெதுவாக.

"வாசிச்சிட்டேன்."

"காலைல பாய் கடையிலேருந்து வந்ததுமே நான் வாசிச்சிட்டேன். என் கண்ணுதான் போச்சோன்னு கண்ணாடியத் தொடைச்சிட்டுத் திரும்ப வாசிச்சேன்." முந்தானையை வாயில் திணித்துக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்றுதான் நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். "அஞ்சு புள்ள பெத்தேன்டா. அஞ்சும் இந்த வயித்துலதான் கெடந்துச்சி. கடைசில பத்து மாசம் சுமந்தது அந்த மனுசன்னு பேப்பர்லயே போட்டுட்டாங்க."

"அண்ணன்கிட்ட சொல்லட்டுமா அத்தை? அடுத்த வாரம் திருத்திப் போடலாம்."

"வாய மூடிட்டுப் போ. திருத்துறானாம். நான் செஞ்ச எதுக்குத்தான் அந்த ஆளு பேரு வாங்கல? நெரை நெரையா பால் மரம் வெட்டுனது நானு, மண்டோரு நல்லா வேல வாங்குறாருன்னு தொரை அவரத்தான் மெச்சுனாரு. இது ஒன்னுதான் பாக்கி இருந்துச்சி. அதையும் வாங்கிட்டாரு. செத்த மாடு கொடம் பால் கறந்துச்சாம், அது இதுதான் போலருக்கு."

நானும் சிரித்தேன். எத்தனை மாதத்துக்கு அப்புறம் என்று எனக்கே தெரியவில்லை. அடக்க முடியாமல் வேலியைப் பிடித்துக்கொண்டேன்.

"யாரு எழுதுனது? நீதானே?"

"நான்தான். அண்ணனோட மாமியாருக்கு எழுதுனது."

"அந்தப் பொம்பளைக்கா முந்தான நெழலு? மழையில நின்னாக்கூட அடுத்தவளுக்குக் கொடையில எடம் குடுக்க மாட்டாளே." அத்தை அண்டாவைப் புரட்டினார். "இவ்ளோ பொய்ய உள்ள வச்சிருந்தா நெஞ்சு அடைக்காம என்னா செய்யும்? ஒங்கண்ணன் வந்து கேஸ்ட்ரிக்குன்னான். எனக்கு அப்பவே தெரியும். நான் ஒரு வருசமா ஒன் கதை வருதா வருதான்னு ஞாயித்துக்கெழம பேப்பரப் பொரட்டுறேன். வரல. அதுக்கு முன்னாடி வந்த ஒன்னு ரெண்டும் நல்லால்ல. கோயிலு நோட்டீசு மாதிரி இருந்துச்சி."

ஒருவர் படித்துக்கொண்டிருந்திருக்கிறார். தேத்தண்ணீரை முகத்தில் வாங்கின அதே ஆள்.

"இத எழுதவா அத்தை?" என்றேன்.

"எத?"

"இப்ப நீங்க சொன்னத."

"எழுது. பேரு போடாத." கொஞ்சம் யோசித்தார். "போட்டாலும் எவனுக்குத் தெரியும். மண்டோரு சம்சாரம்னுதான் எனக்கே ஞாபகம் இருக்கு. அந்தக் கரிக்கட்டைய எடுத்துட்டு வா, அடி புடிச்சிருக்கு."

மறுநாள் மரத்தடியில் வேனை நிறுத்தி அட்டையை ஸ்டியரிங்மேல் வைத்தேன். 'அஞ்சு புள்ள பெத்தேன்டா' என்று எழுதினேன். எந்த விளக்கும் அணையவில்லை. பிள்ளைகள் வந்து கதவைத் தட்டுகிற வரைக்கும் எழுதினேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மனைவிக்கு வாசித்தேன். ஒரு சட்டை அவள் மடியிலேயே பாதி மடித்தபடி கிடந்தது. முடிந்ததும், "அந்தம்மா அப்புறம் என்னா சொன்னாங்க?" என்றாள். அவ்வளவு போதும் எனக்கு.

கிளினிக்குக்கு இன்னும் போகிறேன். சில நாள் மூட்டை திரும்ப வந்து உட்காரத்தான் செய்கிறது. அண்ணன் ஒரு கல்யாணத்துக்கு வாழ்த்து மடல் கேட்டுப் போன் செய்தார். "பழசு எதுனா ஒன்னு எடுத்துப் போட்டுக்குங்கண்ணே," என்றேன். "அதுவும் சரிதான்," என்றார். போட்டுக்கொண்டாராம். எதைப் போட்டார் என்று நான் போய்ப் பார்க்கவில்லை. மணமக்கள் நல்லபடியாக இருக்கட்டும்.

அந்த லேமினேட் அட்டை அத்தை வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது. கழற்றவே விடமாட்டேன் என்கிறார் அத்தை. வெள்ளிக்கிழமைதோறும் ஈரத்துணியால் துடைத்து, மீசைக்கு ஒரு பொட்டு, முதல் வரிக்கு ஒரு பொட்டு வைக்கிறார். வாயை முந்தானையால் மூடிக்கொண்டுதான் துடைப்பார், தோள் குலுங்கும். போன மாதம் அண்ணன் அதைப் பார்த்துவிட்டு வந்து என்னிடம் சொன்னார்: "இந்தக் காலத்துல இப்படி ஒரு பொம்பளையாடா. இன்னும் அழுவுறாங்க."